இங்கு மட்டும் வேண்டாம்

ஒரு மாலைப்பொழுது. உங்கள் ஊர் விளையாட்டு வெளியின் ஓரத்தில் ஐந்தாறு வண்டிகள் வந்து நிற்கின்றன. அறியாத முகங்கள், விளங்காத பேச்சு. பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். இருட்டுவதற்குள் ஊர் முழுவதும் செய்தி பரவிவிடுகிறது. ‘எத்தனை நாளைக்கு இருப்பார்களாம்?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘படலையைப் பூட்டி வையுங்கள்’ என்கிறார் மற்றவர். ‘விதானையாருக்குச் சொல்லியாயிற்றா?’ என்கிறார் மூன்றாமவர். ‘குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டீர்களா?’ என்று கேட்பதற்கு நான்காவதாகவேனும் ஒருவர் வருவாரா?

அன்பு வாசகர்களே, ஊருக்குள் வந்து தங்கும் நாடோடி மக்களை ஊரவர் எப்படி நோக்கவேண்டும் என்பது உலகின் பல நாடுகளில் இன்றும் தீராத ஒரு கேள்வி. அதை இவ்வாரம் அயர்லாந்து தேசத்தை முன்வைத்துச் சிந்திப்போம். அயர்லாந்து நமக்கு அந்நியமான நாடன்று. நம் பாட்டன்மாருக்கும் தந்தையருக்கும் கல்வி புகட்டிய குருக்களிற் பலர் அங்கிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்து, யாழ். பொதுநூலகம் எழும்புவதற்கு உழைத்து, இன்று அந்நூலக முன்றலில் சிலையாக நிற்கும் லோங் அடிகளார் ஐரிஷ்காரரே. விசுவாசத்தில் ஊறிய நாடென்று நாம் கேள்விப்பட்டு வளர்ந்த அந்த நாட்டிலேயே இக்கேள்வி பலருடைய மனச்சாட்சியை உறுத்திக்கொண்டிருக்கின்றது. நாடோடிகளும் கத்தோலிக்கர், அவர்களை வேண்டாமென்ற ஊரவரும் பெரும்பாலும் கத்தோலிக்கர் என்பதால் அது நம்மையும் தொடுகின்றது.

யார் இவர்கள்?

ஆங்கிலத்தில் ‘டிரவலர்ஸ்’, அதாவது பயணஞ் செய்வோர், என்று இவர்கள் அழைக்கப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அயர்லாந்துக் குடியரசில் இவர்களின் தொகை 32,949. மொத்த மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமக்குள்ளே பேசுவதற்குத் தனியான ஒரு மொழி வைத்திருக்கின்றனர். பெரிய குடும்பங்கள், நெருங்கிய உறவுக்குள் திருமணம், இறந்தோர் மீது மிகுந்த பற்று, தேவமாதாவிடத்தில் ஆழ்ந்த பக்தி என்பன அவர்களுடைய வாழ்வின் அடையாளங்கள். மாதா காட்சியளித்த தலமாகப் போற்றப்படும் நொக் திருத்தலத்துக்கு யாத்திரை போவதை அவர்கள் தவறவிடுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உண்டான உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்தவர்களே இவர்கள் என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2017இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, இவர்கள் ஐரிஷ் மக்களின் இரத்தமே என்றும், அப்பஞ்சத்துக்கு வெகு முன்னரே, ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்பே, தனிப்பட்ட சமூகமாகப் பிரிந்திருக்கலாம் என்றும் காட்டியது. வெளியிலிருந்து வந்தவர்களல்லர். அதே மண்ணின் பிள்ளைகள்.

ஒரு காலத்தில் அவர்களின்றி நாட்டுப்புறம் நடக்கவில்லை. ஓட்டை விழுந்த வாளியையும் கேத்திலையும் ஒட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். தகரத்தில் குவளை அடித்து விற்றார்கள். குதிரை வாங்கி விற்றார்கள். அறுவடைக் காலத்தில் வயலில் கூலிக்கு நின்றார்கள். ஓர் ஊரின் செய்தியையும் பாட்டையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுள் ஒருவரான ஜொனி டோறன் என்னும் குழல் வாத்தியக்காரரின் இசை 1947இல் பதிவு செய்யப்பட்டது. அந்த நாட்டின் இசைவாணர்கள் இன்றும் அதைக் கேட்டுப் பயில்கின்றனர். பதிவு செய்த அடுத்த ஆண்டில் டப்ளின் நகரில் அவர் தங்கியிருந்த வண்டியின் மேல் பழஞ்சுவரொன்று இடிந்து விழுந்தது. உடல் முடங்கிப்போன அவர் 1950இல் காலமானார். இசையை வீட்டுக்குள் வரவேற்ற சமூகம் இசைத்தவனைச் சுவரோரத்திலேயே விட்டிருந்தது.

பின்பு பிளாஸ்டிக் வாளி வந்தது, தகர வேலை போயிற்று. உழவு இயந்திரம் வந்தது, வயற்கூலி போயிற்று. வேலை போனபின்னர் நாடோடி ஊரவருக்குத் தேவையற்றவனானான். தேவையற்றவன் விரைவில் தொல்லைக்காரனாகிவிடுகிறான். தகர வேலை செய்வோனைக் குறித்த ‘டிங்கர்’ என்ற சொல் வசைச்சொல்லாயிற்று.

அந்த ஒக்ரோபர் மாதம்

2015ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் விடியற்காலையில், டப்ளினுக்குத் தெற்கேயுள்ள கறிக்மைன்ஸ் என்னுமிடத்தில் நாடோடிகளின் தரிப்பிடமொன்றில் தீப்பிடித்தது. பத்துப்பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். மாண்ட பெண்களுள் ஒருவர் கர்ப்பிணி. நாடு முழுவதும் துக்கம் பரவிற்று. கொடிகள் அரைக்கம்பத்திற் பறந்தன. கோவில்களில் மன்றாட்டுக்கள் ஒப்புக்கொடுக்கப்பட்டன.

தீயிலிருந்து தப்பிய குடும்பத்தாருக்கு உடனடியாக இடம் வேண்டியிருந்தது. அண்மையிலிருந்த ஒரு நிலத்தில் அவர்களைத் தற்காலிகமாகக் குடியமர்த்த உள்ளூராட்சிச் சபை முயன்றது. அந்நிலத்தின் அயலில் வசித்தோர் தம் வாகனங்களைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி வேலை தொடங்கவிடாது தடுத்தனர். இறந்தவர்களுக்காகத் தாங்களும் வருந்துவதாக அவர்கள் சொன்னார்கள். தங்களிடம் கேளாமல் சபை முடிவெடுத்துவிட்டது என்றார்கள். தற்காலிகமென்பது நிரந்தரமாகிவிடும் என்று அஞ்சினார்கள். ஈற்றிற் சபை விட்டுக்கொடுத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தக் குடும்பத்தாருக்கு, முன்னர் குப்பை கொட்டி நிரப்பிய ஒரு நிலத்தில் இடம் ஒதுக்கப்பட்டது.

வாசகர்களே, அந்த அயலவரைக் கொடியவர்கள் என்று நாம் எழுதப்போவதில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்கள். பிள்ளைகளைப் படிப்பிப்பவர்கள், கடன்பட்டு வீடு வாங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளிற் கோவிலுக்குப் போகின்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். ‘எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு பகையுமில்லை, ஆனால் இங்கு மட்டும் வேண்டாம்’ என்பது நல்லவர்கள் சொல்லும் சொல். அதனாற்றான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

ஊரவரின் முறைப்பாடு

நீதியான தீர்ப்புக்கு இரு பக்கத்தையும் கேட்கவேண்டும். ஊரவரின் முறைப்பாடுகள் எல்லாம் கற்பனையல்ல. 2001ஆம் ஆண்டில் டப்ளினில் டொடர் ஆற்றங்கரைப் பூங்காவில் பெருந்தொகையான வண்டிகள் வந்து தங்கின. அவை போனபின் குவிந்து கிடந்த கழிவுகளை அகற்றச் சபை பெருஞ் செலவு செய்தது. பிள்ளைகள் விளையாடும் வெளி பழுதாவதையும், இரவில் சச்சரவு எழுவதையும், அவிழ்த்துவிட்ட குதிரைகள் தெருவில் அலைவதையும் கண்டவர்கள் ஆத்திரப்படுவது இயல்பே. குற்றம் செய்தவன் நாடோடியாயினும் குற்றவாளியே. அவன் ஏழை என்பதற்காக அவன் செய்த தீமையை நன்மையென்று சொல்வது அன்பாகாது. அது அவனையும் நம்மைப்போல் பொறுப்புள்ள மனிதனாக மதியாத ஒருவகை இளக்காரமே.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பின்னரும் மூன்று கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

முதலாவது, நாம் தீர்ப்பிடுவது செயலையா, பெயரையா? நமது தெருவில் ஒருவன் களவெடுத்தால் அவனுடைய பெயரைச் சொல்லிக் கள்வன் என்கிறோம். தெருவிலுள்ள எல்லோரையும் கள்வர் என்பதில்லை. நாடோடி ஒருவன் களவெடுத்தாலோ, முப்பதினாயிரம் பேரும் கள்வராகிவிடுகின்றனர். தன் வாழ்நாளில் ஓர் ஊசியையும் எடுத்தறியாத கிழவியும், நேற்றுப் பிறந்த குழந்தையும் அந்தக் களவின் பாரத்தைச் சுமக்கின்றனர். ஒருவன் செய்யாததற்காக அவனைத் தண்டிப்பது அநீதி என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பெயர் ஒன்று குறுக்கே வந்தவுடன் பெரியவர்கள் அதை மறந்துவிடுகிறோம். மதுச்சாலைகளும் உணவகங்களும் திருமண மண்டபங்களும் இவர்களுக்குக் கதவடைத்தமையாற்றான், நாடோடிச் சமூகத்தவர் என்பதற்காக ஒருவருக்குச் சேவை மறுப்பது சட்டவிரோதமென்று 2000ஆம் ஆண்டில் அயர்லாந்து சட்டமியற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, நாம் குறைகூறும் அழுக்கை உண்டாக்கியவர் யார்? குழாய்த் தண்ணீர் இல்லை. மலகூடம் இல்லை. குப்பை எடுக்க வண்டி வருவதில்லை. அத்தகைய இடத்தில் நீங்களும் நானும் இரண்டு கிழமை தங்கினால் எப்படியிருப்போம்? முதலில் வசதி மறுக்கப்படுகிறது. அதனால் அசுத்தம் உண்டாகிறது. பின்பு அந்த அசுத்தமே ‘பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான்’ என்பதற்குச் சாட்சியாகிறது. இச்சக்கரம் எங்கே தொடங்கியது என்று எவரும் கேட்பதில்லை. 2010இல் வெளியான சுகாதார ஆய்வு அதன் விலையைச் சொல்கிறது. நாடோடி ஆண்களின் சராசரி ஆயுள் ஏனைய ஆண்களுடையதிலும் பதினைந்து ஆண்டுகள் குறைவு. அவர்களுடைய குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் வீதம் நாட்டின் பொது வீதத்தைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆண்களிடையே தற்கொலை ஆறு மடங்குக்கும் அதிகம்.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. இங்கு வேண்டாமென்றால், எங்கு?

ஒவ்வோர் ஊரும் சொன்னால்

ஓர் ஊர் ‘இங்கு மட்டும் வேண்டாம்’ என்று சொன்னால் அது ஒரு சிறிய மறுப்பு. அடுத்த ஊர் இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த ஊரும் அதையே சொல்கிறது, அதற்கடுத்த ஊரும் அதையே சொல்கிறது. ஒவ்வொருவரும் சொன்னது ஒரு சிறு சொல். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு மனிதனுக்குப் பூமியிற் கால் வைக்க இடமில்லை. ‘நீ வாழாதே’ என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் எல்லோருமாகச் சேர்ந்து அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அயர்லாந்தில் நடந்தது இதுவே. தலைமுறை தலைமுறையாக வண்டிகள் தங்கிய தெருவோரங்களிற் பெருங் கற்கள் உருட்டி வைக்கப்பட்டன, மண் மேடுகள் எழுப்பப்பட்டன. 2002இல் வந்த சட்டம், அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வண்டியுடன் தங்குவதைக் குற்றமாக்கி, வண்டியைப் பறிமுதல் செய்யவும் பொலிசாருக்கு அதிகாரம் கொடுத்தது. சட்டப்படி தங்குவதற்கு இடமிருந்தால் இதைக் குறைகூற முடியாது. 1998ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வோர் உள்ளூராட்சிச் சபையும் அத்தகைய இடங்களுக்குத் திட்டமிட வேண்டுமென்று விதித்துமிருந்தது. திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் எந்த நிலத்தைக் குறித்தாலும் அவ்விடத்து மக்கள் எதிர்த்தனர். எதிர்த்தவர்களின் வாக்கை நாடிய அங்கத்தினர்கள் பின்வாங்கினர். இதற்கென ஒதுக்கிய பணமும் பல ஆண்டுகளிற் செலவழியாமற் கிடந்தது. தரிப்பிடங்கள் போதாமை, இருப்பவற்றின் மோசமான நிலை, வெளியேற்றப்படுவோருக்குத் தக்க பாதுகாப்பின்மை ஆகியவற்றால் அயர்லாந்து தன் கடமையில் தவறியதென்று ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 2015 டிசெம்பரில் முடிவு செய்தது.

ஒழுக்கவியல் படிக்கும் குருமாணவனுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது, தீமையைச் செய்வது பாவம், செய்ய வேண்டிய நன்மையைச் செய்யாமல் விடுவதும் பாவம் என்பதாகும். இங்கே இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. பலர் சேர்ந்து செய்யும் தீமையில் ஒவ்வொருவருடைய பங்கும் மிகச் சிறியதாயிருப்பதால், ஒருவரும் தம்மைக் குற்றவாளியாகக் காண்பதில்லை. பெத்லேகேமில் சூசையப்பருக்கும் கன்னிமரியாளுக்கும் இடங்கொடாதவர்களின் பெயர்களைச் சுவிசேஷம் எழுதி வைக்கவில்லை. ஏரோதைப் போல் எவரும் வாள் எடுக்கவில்லை. சத்திரம் நிறைந்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்திருக்கும். ஆனாலும் பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணுக்கு ஊர் முழுவதிலும் கிடைத்த இடம் மாட்டுத்தொழுவமே.

‘என்னுடைய நிலம், என்னுடைய ஊர், மறுக்க எனக்கு உரிமையில்லையா?’ என்று கேட்கலாம். உரிமை உண்டு. சொத்துரிமையைத் திருச்சபை என்றும் மறுத்ததில்லை. ஆனால் அது எல்லையற்ற உரிமையன்று. தன்னுடையதாக வைத்திருப்பதைத் தேவையிலிருப்பவனோடு பகிர மனிதன் ஆயத்தமாயிருக்க வேண்டுமென்று புனித அக்குவினா தோமையார் கற்பித்தார். 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மக்கள் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலிலும் அப்போதனையே மீண்டும் ஒலித்தது. ஆகவே என் வாசலில் ஒருவனை மறுக்கும்போது என் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் அது தொடங்குகிறது. ‘இங்கு வேண்டாம்’ என்று சொல்பவன் ‘எங்கு’ என்பதற்கும் விடை தேடக் கடமைப்பட்டவன்.

‘எங்களைப்போல் ஆகிவிடுங்கள்’

இன்னொரு விடை உண்டு. அது இரக்கத்தின் குரலில் வருவது. ‘ஏன் இவர்கள் அலையவேண்டும்? வீடு கொடுப்போம், பாடசாலைக்கு அனுப்புவோம், நம்மைப்போல் ஆகட்டும்.’ 1960இல் அயர்லாந்து அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு 1963இல் அறிக்கை வெளியிட்டது. நாடோடிகளைப் பொதுச் சமூகத்துக்குள் கரைத்துவிடுவதே அதன் நோக்கமாயிருந்தது. அக்குழுவில் நாடோடி ஒருவர்கூட இடம்பெறவில்லை. ஒரு மக்களின் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்க அம்மக்களுள் ஒருவரையேனும் கூப்பிடத் தோன்றாதது எதைக் காட்டுகிறது? அவர்கள் ஒரு பிரச்சினையாகக் கருதப்பட்டார்கள், மனிதர்களாகக் கருதப்படவில்லை.

கல்வியும் நல்ல வீடும் வேண்டாமென்று சொல்வார் யார்? இன்று நாடோடிகளுட் பெரும்பாலோர் வீடுகளிலேயே வாழ்கின்றனர். அவர்கள் விரும்பி ஏற்றால் அது நன்மை. ஆனால் பாதைகளையெல்லாம் அடைத்துவிட்டு, ‘இனி வீட்டுக்குள் போ’ என்பது விருப்பமாகாது. வாழும் முறை வேறாயிருப்பது குற்றமன்று. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, 2017 மார்ச் 1ஆம் நாள், பிரதமர் என்டா கெனி பாராளுமன்றத்தில் நாடோடிகளைத் தனியொரு இனக்குழுவாக அரசு ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். பார்வையாளர் கூடத்தில் நிறைந்திருந்த நாடோடி மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். அந்த அறிவிப்பால் அவர்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடைக்கவில்லை. ‘நீங்கள் தவறிப்போன எங்கள் பிரதியல்லர், நீங்கள் நீங்களே’ என்ற ஏற்பு மட்டுமே கிடைத்தது. அதற்கே அழுதார்கள்.

திருச்சபையின் பங்கு

நம்மை நாமே சோதியாமல் ஊரவரை மட்டும் குறைகூறுவது சரியன்று. கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த ஆணிகளை அடித்துக் கொடுத்தவன் ஒரு தகரக்காரன், அதனாற்றான் அவனுடைய சந்ததி அலைகிறது என்றொரு கதை அந்நாட்டுப் பக்தியுள்ள மக்களிடையே வழங்கி வந்தது. சுவிசேஷத்தில் இல்லாத கதை. ஆனால் வாசலுக்கு வந்தவனைத் துரத்துகையில் மனம் உறுத்தாதிருக்க அது உதவிற்று. பிறர்மேல் நாம் கொண்ட வெறுப்புக்குத் தேவசாபம் என்று பெயரிடுவது மிகவும் பழைய தந்திரம்.

நல்ல அடையாளங்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் டப்ளினின் பலிபேர்மட் பகுதியில் நாடோடிகளுக்கென அமைந்த முதலாவது தரிப்பிடம் ‘லாப்ரே பார்க்’ எனப் பெயர் பெற்றது. அப்பெயருக்குரிய புனித பெனடிக்ற் ஜோசப் லாப்ரே, பதினெட்டாம் நூற்றாண்டில் வீடு வாசலின்றி ஐரோப்பாவின் திருத்தலங்களைக் கால்நடையாகச் சுற்றி, ரோமாபுரியின் இடிபாடுகளிற் படுத்துறங்கியவர். அழுக்கு உடையோடு அலைந்த அவரை நாம் இன்று பீடத்தில் வைத்து வணங்குகிறோம். அவர் உயிரோடு நம் விறாந்தையில் வந்து படுத்திருந்தால் என்ன செய்திருப்போம்? 1980இல் டப்ளின் அதிமேற்றிராசனம் பயணஞ் செய்யும் மக்களுக்கெனத் தனிப் பங்கொன்றை ஏற்படுத்தியது. அதற்கு முன் 1965 செப்டெம்பரில் ஆறாம் சின்னப்பர் ரோமாபுரிக்கு அருகே பொமேசியாவில் ஐரோப்பிய ஜிப்சி மக்களின் கூடாரங்களுக்கே சென்று, அவர்கள் திருச்சபையின் ஓரத்திலல்ல, அதன் இதயத்தில் இருப்பவர்கள் என்று எடுத்துரைத்தார். குதிரை வியாபாரியான செபெரினோ என்னும் ஸ்பானிய ஜிப்சி, 1936இல் ஒரு குருவானவருக்காகப் பரிந்து பேசிச் சிறைப்பட்டு, செபமாலையை விட்டுவிட மறுத்துக் கொல்லப்பட்டவர். 1997இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2019 யூன் 2ஆம் நாள் ருமேனியாவின் பிளாஜ் நகரில் இம்மக்கள் முன் நின்று, அவர்களைக் காயீனின் கண்களோடு நோக்கிய காலங்களுக்காகத் திருச்சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

காயீனின் கதையை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அலைந்து திரிபவனாகும்படி அவன் சபிக்கப்பட்டான் என்பது நினைவிருக்கிறது. அதன் பின்னர் ஆண்டவர் அவன்மேல் ஓர் அடையாளமிட்டார். அவனைக் காண்பவர் எவரும் அவனைக் கொல்லாதிருப்பதற்காகவே அதை இட்டார். குற்றம் செய்து அலைந்தவனைக்கூடத் தேவன் காவல் செய்தாரென்றால், ஒரு குற்றமும் செய்யாமல் அலைபவனை நாம் என்ன செய்யவேண்டும்?

நம் வீட்டு வாசலில்

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் வெளியிற் சில ஆண்டுகள் குறவர் வந்து தங்கினர். பாம்புப் பெட்டி, குரங்கு, கழுதைகள், ஓலையால் வளைத்த சிறு கூடாரங்கள். எங்களுக்கு அது திருவிழா. ஆனால் அவர்கள் வந்த அன்று மாலையில் ஆச்சி கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுவார். விடிந்ததும் மறுபடி எண்ணுவார். ஒருநாளும் ஒன்றும் குறைந்ததில்லை. ஒருமுறை அவர்களுள் ஒரு பெண் தண்ணீர் அள்ள வாங்கிய வாளி, அவர்கள் புறப்பட்டுப்போன காலையில், துலக்கிக் கவிழ்த்தபடி எங்கள் படலையடியில் இருந்தது. ஆச்சி அதை உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டும் அவர்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டும் ஆச்சி கோழிகளை எண்ணினார்.

ஆச்சி நல்லவர். பசியென்று வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். அவர் எண்ணியதை அந்தப் பெண்ணும் வேலிக்கப்பால் நின்று கண்டிருப்பாள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் சென்றே உறைத்தது.

பாடசாலையிற் குறவஞ்சி படிக்கிறோம். குறமகள் மலைவளம் சொல்வதைக் கலைவிழாவில் ஆடிக் காட்டுகிறோம். உயிருள்ள குறத்தி சந்திக்கு வந்தால் பிள்ளையின் கையைப் பிடித்து மறுபக்கம் போகிறோம். அவர்களிற் பலர் இன்று கிழக்கிலே, அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பை போன்ற ஊர்களில் நிலையாய்க் குடியிருக்கின்றனர். அங்குள்ளோருட் பலர் நம்மோடு ஒரே நற்கருணையைப் பெறும் கத்தோலிக்கர் என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்?

ஊர் விட்டு ஊர் போய் நிற்பதன் வேதனை நமக்குத் தெரியாததுமன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, மழையில், வலிகாமத்திலிருந்து நடந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் மரங்களின் கீழும் தங்கினோம். தம் வீட்டு அறையை ஒதுக்கித் தந்தவர்களும் இருந்தனர், கிணற்றடியில் முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். இருவருடைய முகங்களும் இன்றும் மனத்தில் நிற்கின்றன. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பார்கள். நமக்கு வந்தது, தெரிந்தது. தெரிந்துகொண்டதை என்ன செய்தோம்? நாம் திரும்பிப்போக ஒரு வீட்டை நினைத்துக்கொண்டிருந்தோம். நாடோடிக்கு அந்த நினைவுமில்லை, அடுத்த தரிப்பிடமே அவன் ஊர்.

வாசகர்களே, நாளை உங்கள் ஊர் வெளியிலும் எவரேனும் வந்து தங்கலாம். நாடோடிகளாயிருக்கலாம், வேலைதேடி வந்த கூலியாட்களாயிருக்கலாம், வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களாயிருக்கலாம். அவர்களை அகற்றும்படி ஒரு மனு உங்கள் கைக்கு வரும். நல்லவர்கள் பலர் கையொப்பமிட்டிருப்பார்கள். பேனாவை எடுக்குமுன் மூன்று காரியங்களை மட்டும் செய்யுங்கள். அவர்களிடம் ஒருமுறை நேரிற் சென்று பேசுங்கள். ஒருவன் தவறு செய்திருந்தால் அவனுடைய பெயரைச் சொல்லி முறையிடுங்கள், அவனுடைய கூட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். பின்பு அந்த மனுவின் அடியில், ‘இங்கு வேண்டாம்’ என்ற சொற்களுக்குக் கீழே, அவர்கள் எங்கே தங்கலாம் என்று ஓர் இடத்தின் பெயரை எழுதிப் பாருங்கள்.

எழுத ஓர் இடமும் தோன்றவில்லையானால், கையொப்பமிடுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.